மைலோவின் பெரட்டு

நேயர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வருகிறேன். பழைய ஆட்களுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் சட்டென்று விளங்கும். 2007-இல் பேரை மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று மலாய் தெரிந்தவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வானொலியில் சொல்கிற காரணம் இல்லை.

"ஐயா, உங்க வீட்ல எல்லாரும் மாரத்தான் ஓடுறாங்களாமே, வந்து பேசுங்க" என்று நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஓடுவது மகனும் மருமகளும். பேத்தி மனம் வந்தால் ஓடுவாள். நான் ஓடுகிற கட்சி இல்லை. தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, உட்கார்ந்தே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், முட்டி வலிக்காரன். ஆனால் ஓட்டம் தெரிந்த இன்னொருவன் எங்கள் வீட்டில் இருக்கிறான். பேர் மைலோ. ஆறிப்போன மைலோ பானத்தின் நிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடங்கிக் கிடக்கும், இன்ன ஜாதி என்று யாராலும் சொல்ல முடியாத தோட்டத்து நாய். இரண்டு வருடமாக இவர்களோடு ஓடுகிறான். அவனை ஸ்டூடியோவுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அவன் சார்பில் நான் வந்திருக்கிறேன். அவன் மனதில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பகல் முழுக்க வீட்டு முன்தாழ்வாரமான அஞ்சடியில் நாங்கள் இரண்டு பேரும்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

காலை ஐந்தே கால் மணிக்கு அலாரம் அடிக்கும். மைலோ அதற்கு முன்பே எழுந்திருப்பான். மகன் ஆபீசுக்குப் போடும் காலுறையை எடுத்தால் தலையைக்கூடத் தூக்கமாட்டான். ஓடுவதற்குப் போடும் காலுறையைத் தொட்டால் போதும், வால் சுவரில் டப் டப்பென்று அடிக்கும். இரண்டும் ஒரே அலமாரி, ஒரே தட்டு, ஒரே சோப்பில் துவைத்தவை. நம் மூக்கில் மோப்ப உணரிகள் ஏறக்குறைய 60 லட்சம் என்றால், நாய் மூக்கில் 30 கோடி வரை இருக்கும் என்கிறார்கள். நமக்குத் துவைத்த காலுறை. அவனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அதில் அப்படியே இருக்கிறது.

அப்புறம் வாசலில் ஒரு கூத்து நடக்கும். மருமகள் தொடை நரம்பை இழுத்துவிடக் குனிந்து கையைத் தரையில் ஊன்றுவாள். நாய் உலகத்தில் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வா, விளையாடலாம். மைலோ உடனே அதேபோல் குனிவான். மருமகள் நிமிர்ந்து மறுபக்கம் குனிவாள். அவனும் மறுபக்கம் வந்து குனிவான். இப்படி ஐந்து நிமிடம். இவள் விளையாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏமாற்றுகிறாளே என்று அவனுக்குத் தினமும் ஒரு மனத்தாங்கல்.

எங்கள் குடியிருப்பான தாமானை விட்டு வெளியேறினால், பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோடு. இங்கே ஒரு விஷயம். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனையை முதன்முதலில் நட்டது 1917-இல், எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோகோன்னியே என்கிற பிரெஞ்சுக்காரர். பேர் தென்னமரம், நட்டது செம்பனை. இன்றைக்கு இந்த நாட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அந்த வரலாற்று மண்ணில் மைலோ காலைத் தூக்கி ஒன்றுக்கு அடிக்கிறான், நான் என்ன செய்ய?

மகன் கையில் கடிகாரம் இருக்கிறது. அது தூரம், வேகம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் சொல்லும். மைலோ கம்பத்துக்குக் கம்பம் நிற்பான். அவன் நின்றதும் மகன் கடிகாரத்தை நிறுத்துவான், கிளம்பியதும் மறுபடி ஓடவிடுவான். "ப்பா, இவன் என் டைமைக் கெடுக்கிறான்" என்று என்னிடம் புகார் வேறு. நான் தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. எங்கள் காலத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு நடக்கும். வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் பேரைப் படிப்பார், வந்தவர் யார், வராதவர் யார், காய்ச்சலில் படுத்தவர் யார் என்று ஏட்டில் குறிப்பார். பெரட்டு முடியாமல் ஒருவரும் தன் மர வரிசையான நிரைக்குப் போக முடியாது. மைலோ கம்பத்தடியில் மூக்கை வைத்து எடுப்பது அந்தப் பெரட்டுதான். கடைக்காரர் வீட்டுக் கறுப்பன் வந்து போயிருக்கிறான். ஆலைப் பக்கத்துப் பெட்டை நாய் நேற்று ராத்திரி வந்திருக்கிறது. புதிதாக ஒருத்தன், யாரென்று தெரியவில்லை, இன்னொரு தடவை மோந்து பார்க்க வேண்டும். கடைசியில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் அடுத்த கம்பம்.

மாரத்தான் ஏன் 42 கிலோமீட்டரோடு நிற்காமல் 195 மீட்டர் கூட ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மகனிடம் ஒருநாள் கேட்டேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்த மேடைக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்களாம். அந்த அளவையே 1921-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். சரி, ராஜா வீட்டுக்காரர்கள் உட்கார்ந்த இடத்துக்காக உலகமே 195 மீட்டர் கூட ஓடுகிறது. மைலோவுக்குப் பிடித்த ஒரு கம்பத்துக்காக நாலு எட்டு விலகிப் போக இவனுக்கு முணுமுணுப்பு.

சூராவ் என்கிற சிறு தொழுகை இல்லம் இருக்கும் திருப்பத்தில் மட்டும் மைலோ எங்கேயும் நிற்கமாட்டான். சுபு தொழுகைக்கு ஆட்கள் வரும் நேரம் அது. முதலில் மருமகள்தான் வாரைக் குட்டையாகப் பிடித்து ரோட்டின் மறுபக்கம் மாறுவாள். இப்போது பாங்குச் சத்தம் கேட்டதுமே அவனாகவே மறுபக்கம் போய்விடுகிறான். மோட்டாரில் போகிற பாக்சிக் ஒருவர், வயதான மலாய்க்காரர், தினமும் கையைத் தூக்கிவிட்டுப் போவார். மருமகளும் கையைத் தூக்குவாள். மைலோ வாலை ஆட்டுவான்.

செவ்வாய்க்கிழமை தமிழ்ப்பள்ளித் திடலில் வேகப் பயிற்சி. 400 மீட்டர் பாய்ந்து ஓடி, மூச்சு வாங்கி, மறுபடி 400. மைலோ இரண்டு சுற்று கூட ஓடினான். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும்: யாரும் பந்து வீசவில்லை, ஓடிப்போய் எதையும் கவ்வவில்லை, வெறும் வாயோடு திரும்பி வருகிறார்கள், மறுபடி போகிறார்கள். 'நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமுமில்லை' என்று நம் ஆட்கள் பழமொழி சொல்வார்கள். அன்றைக்கு நாய் நிழலில் நின்றது. எஞ்சினியரிங் படித்த என் மகன்தான் நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தான்.

வேகம் என்றதும் ஒரு ஞாபகம். 1966-இல் எனக்கு எட்டு வயது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்கள் வீட்டு வரிசைக்கே ஒரு ரேடியோதான். பேங்காக் ஆசிய விளையாட்டில் நம் நாட்டு மணி ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம் வாங்கினார். அதே போட்டியில் பெண்கள் 400 மீட்டரில் எம். ராஜாமணி தங்கம். அந்த வாரம் முழுக்க லயத்துப் பிள்ளைகள் யாரும் நடக்கவில்லை, கடைக்குப் போனாலும் ஓட்டம்தான். வெறுங்கால். பின்னாலேயே தோட்டத்து நாய்கள். இரண்டு வருடம் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 நொடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆள் வரவில்லை. 49 வருடம்! கணக்குப் போட்டுப் பார்த்தேன், மணிக்கு 34 கிலோமீட்டர் வருகிறது. பூனையைக் கண்டால் எங்கள் மைலோ ஏறக்குறைய அந்த வேகத்துக்குப் போய்விடுவான், பயிற்சி ஒன்றும் இல்லாமலே.

ஆனால் அது கொஞ்ச தூரத்துக்குத்தான். நம் ஊர் வெயிலில் நீண்ட தூரம் என்று வந்தால் நாய் தோற்றுப் போகும். இதை நாங்கள் கெட்ட வழியில் தெரிந்துகொண்டோம்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள் ராத்திரி கல்யாண விருந்து, காலையில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மகன் ஒன்பதரை மணிக்கு மைலோவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு கிலோமீட்டர் போனதும் மைலோ கம்பங்களில் நிற்பதை விட்டுவிட்டான். நல்ல பிள்ளையாக ஓடுகிறானே என்று மகனுக்குச் சந்தோஷம். உண்மையில் அதுதான் முதல் அறிகுறி, பெரட்டு எடுக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. கொஞ்ச தூரத்தில் பின்னங்கால் பின்னியது. நாக்கு கருஞ்சிவப்பாகி ஒரு பக்கமாகத் தொங்கியது, எச்சில் கயிறு மாதிரி வழிந்தது. மகன் பதினெட்டு கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் குழாயடிக்கு ஓடி வந்தான். வயிறு, தொடை, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றி, அர்ச்சனைத் தட்டை எடுத்து விசிறி, காரில் போட்டு அடுத்த ஊர்க் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். நாய்க்குச் சாதாரணச் சூடே 38, 39 டிகிரி. அவனுக்கு 41-ஐத் தொட்டிருந்தது.

நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும், காற்று பட்டால் குளிரும். நாய்க்கு வேர்வை என்று சொல்ல உள்ளங்காலில் கொஞ்சம், அவ்வளவுதான். மற்றபடி சூட்டை வெளியேற்ற நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதுதான் முக்கிய வழி. நம் ஊர்க் காற்றிலோ எந்நேரமும் ஈரம். எச்சில் எங்கே காய்வது, சூடு எங்கே இறங்குவது? அதோடு தார் ரோடு. மருத்துவர் சொல்லிக் கொடுத்தார்: புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு நொடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயை அதில் நடக்க விடாதீர்கள். மகன் இப்போது ரோட்டில் குந்தி உட்கார்ந்து கையை வைத்துப் பார்க்கிறான். பார்ப்பவர்கள் காசு தொலைத்துவிட்டான் என்று நினைப்பார்கள்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்த்த சூயிங்கம், மிட்டாய் நாய்க்கு விஷம். சாக்லேட்டும் ஆகாது. ஓட்டப் பையைத் தரையில் வைக்காதீர்கள்.

அன்றிலிருந்து மைலோவுக்கு ஐந்து கிலோமீட்டர்தான், அதுவும் விடிவதற்குள். மகனும் மருமகளும் ஞாயிற்றுக்கிழமை முப்பது ஓடினாலும் முதல் ஐந்து முடிந்ததும் வீட்டு வாசலில் அவனை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். மைலோவுக்கு இது பெரிய அவமானம். பாதி வேலையில் யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா? கேட் கம்பிக்குள் மூக்கை நுழைத்தபடி அவர்கள் வரும் வரை உட்கார்ந்திருப்பான். நான் ரொட்டிச் சானாய்த் துண்டைக் காட்டினாலும் திரும்ப மாட்டான். சரி, துண்டு பெரியதாக இருந்தால் திரும்புவான்.

போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இவர்கள் தூரத்தைக் குறைத்துவிடுவார்கள். கால் ஓய்வெடுக்க வேண்டுமாம். மைலோவுக்கு அது என்ன தெரியும்? வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டான். மகன் சோபாவில் படுத்தால் பக்கத்தில் வந்து தாடையை அவன் வயிற்றில் வைத்துக்கொள்வான். அந்த இரண்டு வாரமும் அவனுக்கு நோயாளியைக் காக்கும் வேலை.

அப்புறம் அந்த ராத்திரி வந்தது. கோலாலம்பூர் மாரத்தான். விடியலுக்கு வெகு நேரம் முன்பே ஓட்டம் தொடங்கிவிடும் என்பதால் நள்ளிரவு தாண்டியதுமே கிளம்பினார்கள். மகன் முழு மாரத்தான், மருமகள் பாதி. காலுறை எடுத்த சத்தம் கேட்டு மைலோ வாரைக் கவ்விக்கொண்டு வந்து நின்றான். வாரை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் தினமும் கூடவே ஓடியவன். இருப்பதிலேயே பெரிய ஓட்டத்துக்கு அவனை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். மகன் கழுத்தில் பதக்கம். மைலோ கழுத்தில் மாவட்ட மன்றத்து உரிமத் தகடு எப்போதும் தொங்கும். வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கிறோம். பதக்கத்தை ஒரு தரம் மோந்து பார்த்தான். இவனுக்கும் உரிமம் கிடைத்துவிட்டது என்று திருப்தி போலிருக்கிறது, விலகிப் போய்விட்டான். ஆனால் வாசலில் கழற்றிப் போட்ட காலணியை விடவில்லை. கால்மணி நேரம் மோந்தான். கோலாலம்பூர் முழுக்கப் பெரட்டு எடுத்தான்.

மறுநாள் காலையில் மகனால் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள். ஐந்தே காலுக்கு மைலோ என் கட்டிலுக்கு வந்தான். வாரை எடுத்தேன், வேறு யார் இருக்கிறார்கள்? தோட்ட முச்சந்தி வரை போய்த் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். முச்சந்தியில் நான் திரும்பினேன், அவன் உட்கார்ந்துவிட்டான். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஐந்து கிலோமீட்டருக்கு இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. கம்பத்துக்குக் கம்பம் நின்று, சூராவ் பக்கம் மறுபக்கம் மாறி, பாக்சிக்குக்குக் கையைத் தூக்கி, முழுச் சுற்றையும் நடந்தே முடித்தோம். எனக்குக் கம்பத்தில் நிற்பதில் ஆட்சேபணை இல்லை, முட்டிக்கு நல்லதுதான்.

வீட்டுக்கு வந்தால் பேத்தி கேட்கிறாள், "தாத்தா, எவ்ளோ நேரம்?"

"ஒன்றரை மணி நேரம்."

"அஞ்சு கிலோமீட்டருக்கா?"

"1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் நம்ம ஜி. சரவணன் தங்கம் வாங்கினது ஓடியா? அம்பது கிலோமீட்டர் நடந்து" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மைலோ தண்ணீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் நாலு காலையும் பரப்பிக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வயிறு படப் படுத்திருந்தான். நானும் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். நாளைக்கும் இவர்களுக்குக் கால் வலி இருக்குமாம்.