சேலம் டு தூத்துக்குடி 340 கிலோமீட்டர்: பிளைட்ல நிஜமா எவ்ளோ நேரம்?

வணக்கம் மக்களே! சேலம் ஏர்போர்ட்டுக்கும் தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கும் எவ்ளோ தூரம்னு நெட்ல தேடினா, 340 கிலோமீட்டர், 55 நிமிஷம்னு வந்து நிக்கும். தூரம் கரெக்ட். நேரத்த நம்பி கிளம்பிடாதீங்க, ரெண்டு ஊருக்கும் நேரடி பிளைட்டே கிடையாது, சென்னை மாதிரி வேற ஊர்ல மாறித்தான் போகணும்.

முதல்ல தூரத்த நாமளே போட்டுப் பாத்துடலாம். மேப்ல சேலம் ஏர்போர்ட், அதாவது ஓமலூர் பக்கம் காமலாபுரம், அங்க விரல வச்சு அழுத்துங்க. 11.78, 78.06னு காட்டும். முதல் நம்பர் வடக்கு-தெக்கு டிகிரி, ரெண்டாவது கிழக்கு-மேக்கு டிகிரி. தூத்துக்குடிக்கு வாகைக்குளம்: 8.72, 78.03. 11.78ல 8.72 போனா 3.06. டிகிரிக்கு 111 கிலோமீட்டர், பெருக்கினா 340. ரெண்டாவது நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணுதான், விட்டுடலாம். சேலத்துக்கு நேர் தெக்க தூத்துக்குடி, அதான் இவ்ளோ ஈஸி. நம்ம சென்னை கிழக்க தள்ளி இருக்கறதால ரெண்டாவது நம்பரோட வித்தியாசத்தயும் 111, அப்புறம் 0.98னு பெருக்கி (கிழக்கு-மேக்கு டிகிரி நம்ம பக்கம் கொஞ்சம் சின்னது), பிதாகரஸ் போடணும். சென்னை–தூத்துக்குடி 528 வரும். சென்னை–சேலம் 265.

அந்த 55 நிமிஷம் எங்கருந்து வந்துச்சு? தூரத்த 800ஆல வகுத்து, அரை மணி கூட்டிட்டாங்க, அவ்ளோதான். 800ங்கறது ஜெட்டோட வேகம். சேலம் ரன்வே 1,806 மீட்டர்தான், அங்க வர்றது ப்ரொப்பெல்லர் சுத்துற ஏடிஆர் 72 விமானம். முழு வேகமே மணிக்கு 500 சொச்சம். தூத்துக்குடில 1,350 மீட்டர் ரன்வேய 3,115ஆ நீட்டிட்டாங்க, 2025 ஜூலைல புது டெர்மினலும் திறந்தாச்சு, ஏ320 மாதிரி ஜெட்டே இறங்கலாம். அதுக்காக நேரம் பாதியாகும்னு நினைக்காதீங்க. டிக்கெட்ல போட்டிருக்கறது பறக்குற நேரம் இல்ல. நிக்குற இடத்துலருந்து நகர்ந்ததுல ஆரம்பிச்சு, அங்க போய் நிக்குற வரைக்கும். ரன்வே க்யூ, மேல ஏர்றது, இறங்க வளையறது எல்லாம் ஜெட்டுக்கும் உண்டு. மிச்சமாகறது கால் மணி, இருபது நிமிஷம்.

சரி, சென்னை வழியா போனா 265ம் 528ம் சேந்து 793 கிலோமீட்டர். ஒரே டிக்கெட்டா எடுத்திருந்தா, சேலத்துல லக்கேஜ் டேக்க பாருங்க, தூத்துக்குடியோட கோடு டிசிஆர்னு இருக்கணும். சென்னையோட கோடு எம்ஏஏன்னு ஒட்டியிருந்தா பெட்டி சென்னை பெல்ட்லயே வந்துடும், அங்கயே கேட்டு மாத்திடுங்க. தனித்தனி டிக்கெட்னா இன்னும் வேலை: பெட்டிய எடுத்து, வெளிய வந்து, திரும்பவும் கவுன்டர். உள்நாட்டு டெர்மினலே டி1, டி4னு ரெண்டு இருக்கு, ரெண்டு டிக்கெட்லயும் எதுன்னு பாத்துக்கோங்க. பொதுவா கவுன்டர் 60 நிமிஷம் முன்னாடியே மூடிடும். நடுவுல மூணு மணி நேரம் இல்லாம புக் பண்ணாதீங்க.

எல்லாம் கூட்டினா ஏழு மணி நேரம் தாண்டுது. நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரைன்னு கார்ல போனா 380 கிலோமீட்டர் போல, ஆறரை மணி. என்னக் கேட்டா சேலத்துக்காரங்க ரோட்லயே போயிடுங்க.

சென்னைலருந்து தூத்துக்குடி போறவங்களுக்குத்தான் பிளைட் லாபம். ஒண்ணே ஒண்ணு, காலைல 6 மணி பிளைட்டுக்கு மெட்ரோவ நம்பாதீங்க. முதல் வண்டியே 5 மணிக்குத்தான், அப்போ கவுன்டர் மூடிருக்கும்.