அடுப்புக்கு மூன்று கல்

(பாரிஸ் புறநகரில் நடந்த தமிழர் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, அக்காமார், அண்ணாமார், பின்வரிசையில் தேநீருக்காகக் காத்திருக்கும் தம்பிமாரே, வணக்கம்.

சிகிச்சைக்காக வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் வைத்தியர் இல்லை. மகன் படிப்புக்காக வேறு ஊர் போனதால் எங்கள் வீட்டில் ஒரு கட்டில் சும்மா கிடந்தது. என் தகுதி அவ்வளவுதான்.

வந்தவள் மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாட்டுப் பிள்ளை, ஆறு வயது. பெயரைச் சொல்ல மாட்டேன். அது அவளுக்கும் அவளைப் பெற்றவர்களுக்கும் உரியது. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஃபாலோ என்ற பிரெஞ்சு வைத்தியரின் பெயரால் வழங்கும் கோளாறு அது. நான்கு பிழைகள் ஒன்றாகச் சேர்ந்து வரும். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுக்கம், இன்னும் இரண்டு. நுரையீரலுக்குப் போக வேண்டிய அசுத்த இரத்தத்தில் ஒரு பங்கு ஓட்டை வழியாக உடலுக்கே திரும்பிவிடும். அதனால் உதடும் நகமும் நீலம். விரல் நுனிகள் மேளக் குச்சியின் முனைபோல உருண்டிருக்கும். பிரான்சில் பிறக்கும் பிள்ளைக்கு இது பெரும்பாலும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே சரிசெய்யப்பட்டுவிடும். இவள் ஆறு வருடம் காத்திருந்தாள்.

நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. அவள் வந்த அன்று பார்த்து லிஃப்ட் பழுது. ஏழெட்டுப் படி ஏறுவாள், குந்திவிடுவாள். முழங்கால்களை நெஞ்சோடு அணைத்து, தலையைக் கவிழ்த்து, ஒரு நிமிடம். எழுவாள், ஏறுவாள், மறுபடியும் குந்துவாள். தூக்கிக்கொள்ளப் போன என் கணவரை அண்ட விடவில்லை. அடம்பிடிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு ஒரு தாதிதான் விளக்கினார்: குந்தும்போது கால்களின் இரத்தக் குழாய்கள் நெருக்கப்பட்டு உடலின் இரத்த அழுத்தம் கூடும், ஓட்டை வழியாகத் தப்பும் இரத்தம் குறைந்து நுரையீரல் பக்கம் கூடுதலாகப் போகும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பிள்ளைகளின் உடலே கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியமாம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது புதிய ஏற்பாடு இல்லை. சுவிட்சர்லாந்தில் எட்மண்ட் கைசர் 1960 இல் 'தேர் தெ ஸோம்' அமைப்பைத் தொடங்கினார். ஆபிரிக்கப் பிள்ளைகள் அதன் வழியாக லொசானுக்கும் ஜெனீவாவுக்கும் இதய சிகிச்சைக்காக வந்திருக்கிறார்கள். இங்கே பிரான்சின் முதல் பெண் இதய சத்திரசிகிச்சை நிபுணரான ஃப்ரான்ஸீன் லெக்கா 1996 இல் தொடங்கிய அமைப்பு, பிள்ளைகளைத் தொண்டர் குடும்பங்களிடம் ஏறத்தாழ இரண்டு மாதம் ஒப்படைக்கிறது. அழைத்து வருவதும் கொண்டுபோய் விடுவதும் பெரும்பாலும் விமானத் துணைக்கென்றே இருக்கும் தொண்டர்கள். தாய் கூட வருவதில்லை. பயணச் செலவு, விசா, வீட்டில் மற்றப் பிள்ளைகள் என்று காரணங்கள் உண்டு. ஜெர்மனியின் ஓபர்ஹவுசனில் 1967 இல் தொடங்கிய 'அமைதிக் கிராமம்' வேறு வழி: அங்கே பிள்ளைகள் குடும்பங்களில் தங்காமல் ஒன்றாகவே ஒரு விடுதியில் இருப்பார்கள். முதலில் இது கல்நெஞ்சம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

எங்களை இணைத்த அமைப்பின் பெண்மணி முதல் நாளே சொன்ன நிபந்தனை, "அம்மா என்று கூப்பிட விடாதீர்கள்." சின்னம்மாவிலும் அம்மா இருக்கிறாள் என்பதால் 'மாமி' என்று பழக்கினேன். பிரெஞ்சில் 'மாமி' என்றால் பாட்டி! வைத்தியசாலையில் எல்லோரும் என்னை அவளுடைய பாட்டியாக்கிவிட்டார்கள். என் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பேச எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழி இல்லை. அவளுக்கு எவே மொழிதான் தெரியும். 'அக்பே' என்றால் நன்றி. அதை நான் கற்றேன். முதல் இரவு முள்ளுக்கரண்டியும் கத்தியும் வைத்து, உறைப்பில்லாத உருளைக்கிழங்கு மசியல் கொடுத்தேன். தொடவில்லை. நாங்கள் குசினியில் சோறும் மீன்குழம்பும் கையால் பிசைவதைக் கண்டதும் எழுந்து வந்து என் கோப்பையில் கை வைத்தாள். அவள் ஊரில் சோளமாக் களியைக் கையால்தான் பிட்டு உறைப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை ஆறு வயதில் கண்ணீர் வராமல் தின்ற வேறு பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் பல் வைத்தியரிடம் அனுப்பினார்கள். இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன என்று கேட்டேன். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தில் குடியேறிவிடுமாம்.

என் பிழையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாலையும் தாயுடன் வீடியோவில் கதைக்க வைத்தேன். நல்லது செய்கிறேன் என்ற பெருமை வேறு. ஒவ்வொரு மாலையும் பிள்ளை திரையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அங்கே தாய் அழுதாள். உடல் நீலம் பாரித்து மூச்சடைத்த ஓர் இரவில் வைத்தியசாலைக்கு ஓடினோம். அதன் பின் வாரம் ஒரு நாள், அதுவும் தாய் சொன்ன நேரத்தில். "எப்போது கதைப்பது என்று தாயிடம் கேட்டீர்களா?" என்று அமைப்பின் பெண்மணி கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை. கேட்கவே இல்லை.

1995 ஒக்டோபர் கடைசியில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்து நடந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். நாங்கள் தென்மராட்சியில் முன்பின் அறியாத ஒருவரின் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினோம். அந்த வீட்டு அம்மா முதல் நாள் சோறு தந்தார். இரண்டாம் நாள் வேலியோரம் மூன்று கல் கொண்டுவந்து வைத்து, "உன் பிள்ளைகளுக்கு நீயே சமை" என்றார். பதினெட்டு வயதில் எனக்கு அது அவமானமாகப் பட்டது. என் அம்மாவோ அன்றுதான் முதல்முறை நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மூன்று கல்லை நான் டோகோவின் தலைநகர் லோமேயில் இருந்த தாய்க்கு வைக்கவில்லை. அவள் பிள்ளையை நான் எடுத்துக்கொண்டேன், இரண்டு கிழமைக்கு.

சத்திரசிகிச்சை தவறிப்போகவும் கூடும். அதை அறிந்துதான் அந்தத் தாய் கையெழுத்திட்டு, ஆறு மணிநேர விமானத் தூரத்தில் தொலைபேசியருகே இருந்தாள். 'பெரிய மனசு' என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். அது விலாசம் மாறி வந்த பொன்னாடை.

நல்லபடி முடிந்தது. நெஞ்செலும்பு பொருந்தும்வரை அக்குளில் பிடித்துத் தூக்கக் கூடாது, கீழே கை கொடுத்து ஏந்த வேண்டும் என்றார்கள். வீடு திரும்பிய அன்றும் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மெல்ல ஏழு படி ஏறினாள். பழக்கத்தில் குந்தினாள். முகத்தில் ஒரு குழப்பம். எழுந்து நின்று, வராத மூச்சிரைப்புக்காகக் காத்திருந்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள்.

இப்படிப் பிள்ளைகளைக் கடல் கடத்துவது சரியா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. செனகலின் தலைநகர் டாக்காரில் ஃபான் வைத்தியசாலை வளாகத்தில் 2017 இல் பிள்ளைகளுக்கான இதய சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. இங்குள்ள 'நம்பிக்கைச் சங்கிலி' அமைப்புக்கும் அதில் பங்குண்டு. அப்படிப்பட்டவை பெருகினால் எங்கள் வீட்டுக் கட்டில் தேவைப்படாது. அதுவரை தேவைப்படும்.

போகும்போது அவளுக்கு ஐந்து சோடி சப்பாத்து வாங்கினேன். இரண்டைத் தாயிடம் கேட்டு அளவு மாற்றி, தம்பிமாருக்காக வைத்தோம். மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்தேன். மிளகாய்த்தூள் பையை அவளே பெட்டிக்குள் செருகினாள்.

அடுத்த மாதம் இன்னொரு பிள்ளை வருகிறது. இந்த முறை எங்கள் வீட்டில் மகன் இருக்கிறான், கட்டில் இல்லை. விருப்பமுள்ளவர்கள் தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். மாடியில் இருப்பவர்கள் அதற்கு முன் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.