சொந்தமாகத் தையல் யூனிட் தொடங்க நான் தயாரா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இதே கேள்வியை வேறு வேறு விதமாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். “அக்கா, எனக்கு 36 வயது. 11 ஆண்டு அனுபவம். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மூன்று மிஷினும் ஓட்டுவேன். பிஎப் பணம் 4 லட்சம் வரும், மனைவியின் நகையை அடகு வைத்தால் 5 லட்சம் கிடைக்கும். 8 லட்சத்துக்கு 12 மிஷின் போட்டு, ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளின் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) எடுக்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் கம்பெனி டைலர்கள் எட்டுப் பேர் என்னோடு வருவதாகச் சொல்கிறார்கள். நான் தொழில் தொடங்கத் தயாராகிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

தம்பி, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா, ஆளை வேலை வாங்கத் தெரியுமா என்று நான் கேட்கப் போவதில்லை. 11 ஆண்டு லைன் ஓட்டியவருக்கு அது தெரியும். நான் கேட்பது வேறு. உங்களுக்கு வர வேண்டிய பணத்தை ஒருவரிடம் முகத்துக்கு நேராகக் கேட்டு வாங்கியது கடைசியாக எப்போது? யோசித்துப் பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு அந்தப் பழக்கமே தேவைப்படுவதில்லை. சம்பளம் தானாக வருகிறது.

நானும் என் வீட்டுக்காரரும் 1998இலிருந்து 19 ஆண்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினோம். இந்த ஊரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். தொடங்கி நான்காவது மாதம் ஒரு சனிக்கிழமை. எங்களுக்கு வேலை கொடுத்த பார்ட்டி காலையில் பணம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் மூன்று மணிக்குப் போனால் முதலாளி வெளியூர் போய்விட்டார் என்றார்கள். அவர்கள் ஆபீசில், கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஆறரை மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பணம் வரவில்லை. யூனிட்டுக்குத் திரும்பினால் மிஷின்கள் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. 14 பேர் டிபன் பையைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு என் வலது கை வளையலைக் கழற்றி வைத்துத்தான் சம்பளம் போட்டோம். திங்கட்கிழமை காலையில் நான் மறுபடியும் அதே ஆபீசுக்குப் போனேன், அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். உங்களால் அப்படிப் போக முடியுமா, போய்ச் சண்டையும் போடாமல், கூனியும் நிற்காமல் கேட்க முடியுமா? தயாரா என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். 12 மிஷின் என்றால் டைலர்கள் 12 பேர், செக்கிங், கைமடி, உதவிக்கு என்று இன்னும் நான்கு பேர். மொத்தம் 16. ஆளுக்கு வாரம் சராசரியாக 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு 48,000. முதல் லாட்டை, அதாவது முதல் தொகுதித் துணியைத் தைத்து, கொண்டுபோய்க் கொடுத்து, பில் போடவே இரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு பார்ட்டி 45 நாளில் பணம் தந்தால் நல்ல பார்ட்டி. ஆகக் குறைந்தது எட்டு வாரம் உங்கள் கைப்பணத்தில் சம்பளம் போட வேண்டும். எட்டு வாரத்துக்கு 3,84,000 ரூபாய். கட்டட அட்வான்ஸ், கரன்ட், தையல் நூல், டேமேஜுக்குப் பிடித்தம் இவற்றை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. உங்களிடம் மிஷின் போக மிச்சம் இருப்பது 1 லட்சம். இரண்டு சனிக்கிழமை தாங்கும். மூன்றாவது சனிக்கிழமை முன்னால் நிற்கிறது, தம்பி.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்துகொள்ளுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளைத் தாண்டிப் பணம் நிறுத்தினால் வட்டியோடு தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். 2024 ஏப்ரலிலிருந்து, கெடு தாண்டி நிறுத்திய தொகையைச் செலவாகக் கணக்குக் காட்டுவதற்கும் வருமான வரியில் தடை இருக்கிறது. நல்ல ஏற்பாடுகள். ஆனால் கையில் இருக்கிற ஒரே பார்ட்டி மேல் புகார் கொடுக்க உங்களுக்கு மனம் வராது. அதனால்தான் சொல்கிறேன், குறைந்தது இரண்டு பார்ட்டி கைவசம் இல்லாமல் வேலையை விடாதீர்கள். ஒரே இடத்தை நம்பியவர் அந்த இடம் தும்மினால் படுத்துவிடுவார். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, எங்களுக்கு மிஷின் இருந்தது, ஆள் இருந்தது, சாயம் ஏறிய துணி வரவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் ஏற்றுமதி ஆர்டரை மட்டும் நம்பியவர்கள் பட்ட பாட்டை நீங்களே உள்ளே இருந்து பார்த்திருப்பீர்கள். உள்நாட்டுச் சரக்கு ஒன்று, ஏற்றுமதி ஒன்று என்று பிடியுங்கள்.

அடுத்தது, உங்கள் லைனில் இப்போது ஓடுகிற ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தைத்துக் கொடுக்க ஒரு பீசுக்கு என்ன அடக்கம் ஆகும் என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். டைலர் கூலி உடனே எழுதிவிடுவீர்கள். வாடகையில் ஒரு பீசுக்கு எவ்வளவு, தீபாவளி போனசில் எவ்வளவு, ஆள் வராமல் மிஷின் சும்மா நின்ற நாளுக்கு எவ்வளவு, இங்கேதான் பேனா நிற்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்தால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. ஜாப் ஒர்க் சேவைக் கணக்கில் வருவதால், ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உங்கள் கூலிக் கணக்கே அதைத் தாண்டிவிடுகிறது. இந்த நோட்டை முடித்தபின் மூன்று கம்பெனிகளுக்கு நேரில் போய், பீசுக்கு என்ன ரேட், பணம் எத்தனை நாளில் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்க நாக்கு எழவில்லை என்றால் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். அது பழக்கத்தில் வருகிற விஷயம்தான். எனக்கும் அப்படித்தான் வந்தது.

வீட்டைப் பற்றி. அடுத்த ஆறு மாதம் உங்கள் சம்பளத்தில் பாதியைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மிச்சப் பாதியில் குடும்பம் நடத்திப் பாருங்கள். வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம், ஊருக்குப் போகும் செலவு எல்லாம் அதற்குள். தொழிலின் முதல் ஆண்டு அப்படித்தான் இருக்கும். மனைவியிடம் “பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி நகையை வாங்காதீர்கள். நான் எழுதச் சொன்ன அந்த நோட்டை அவர் முன்னால் வைத்து, இந்தப் பணம் திரும்பி வராமல் போனால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அதைப் பேசத் தயங்குகிறீர்கள் என்றால், உங்களுக்கே இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை என்று பொருள்.

அந்த எட்டு டைலர்கள் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சோறு போட்ட லைனை ஒரே நாளில் காலி செய்துவிட்டு வராதீர்கள். அந்தக் கம்பெனியே நாளைக்கு உங்களுக்கு முதல் ஜாப் ஒர்க் தரக்கூடியது. முதலாளியிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெளியே வந்தவர்களுக்கு, அவரே லாட் அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆக என் பதில்: தொழிலுக்கு நீங்கள் தயார்; 12 மிஷினுக்குத் தயார் இல்லை. ஆறு மிஷின், அதுவும் நல்ல நிலையில் உள்ள பழைய மிஷின், எட்டு ஆள். அப்போது எட்டு வாரக் கூலி 1,92,000தான். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்ப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். மானியம் உண்டு, ஆனால் அது உடனே கைக்கு வருகிற பணம் இல்லை, மூன்று ஆண்டு வங்கியிலேயே இருக்கும். அதை நம்பிச் சம்பளக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். பிஎப் பணத்தில் கூலிக்கு 2 லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை மிஷின் வாங்க முடிகிறதோ அத்தனை போதும். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்த அடக்க நோட்டை எழுதி முடித்ததும் அதன் படத்தை எனக்கு அனுப்புங்கள் தம்பி. வரி வரியாகப் பார்த்துவிட்டு அடுத்த பகுதியில் பேசுகிறேன்.