முந்நூறு புத்தகம் அடுக்கியும் கடை மாதிரி இல்லையே, ஏன்?

கேள்வி: "பொம்மை வீடு செய்யும் டால்ஹவுஸ் கிட் ஒன்றை வாங்கிப் புத்தகக் கடையாக மாற்றியிருக்கிறேன். அளவு 1:12. முந்நூறு குட்டிப் புத்தகம் செய்து அடுக்கியாயிற்று, எல்இடி விளக்கும் போட்டாயிற்று. ஆனாலும் பார்த்தால் பொம்மையாகத்தான் தெரிகிறது. இன்னும் சாமான் சேர்க்க வேண்டுமா?"

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் இது ஒன்று என்னை விடவே இல்லை. கேள்வியோடு இரண்டு போட்டோ அனுப்பியிருந்தார். நான்கு நாளாக அவற்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இனி ஒரு சாமான்கூட உள்ளே போகக் கூடாது. உங்கள் கடையில் எதுவும் குறையவில்லை, தடிமன்தான் கூடிப்போயிருக்கிறது. வழக்கமாகப் பார்க்கிறவர்கள் "ஆரம்பித்தாயிற்று தடிமன் புராணம்" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், நான் மறுபடியும் பாடத்தான் போகிறேன்.

1:12 என்றால் ஓர் அடிக்கு ஓர் அங்குலம். உயரத்துக்கும் நீளத்துக்கும் இதை எல்லோரும் சரியாகவே கணக்குப் போடுகிறோம். கல்லா மேசை நிஜத்தில் 3 அடியா, இங்கே 3 அங்குலம். கதவு 7 அடியா, 7 அங்குலம். தடிமன் என்று வந்ததும் கையில் கிடைத்த அட்டையை எடுத்து வெட்டிவிடுகிறோம். உங்கள் புத்தக அட்டைகள் 2 மில்லிமீட்டர் இருக்கும் போலத் தெரிகிறது. 12 ஆல் பெருக்குங்கள். 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். ஓர் அங்குலத்துக்கு அட்டை போட்டால் அது புத்தகம் இல்லை, கதவு. நம் கண் இந்தக் கணக்கைப் போடாது, ஆனால் எங்கேயோ இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். நிஜப் புத்தகத்தின் கெட்டி அட்டை 2, 3 மில்லிமீட்டர்தான். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் தடித்த காகிதம் போதும், அட்டையே தேவையில்லை.

அலமாரியும் அதே கதைதான். கிட்டில் வருகிற பிளைவுட் 3 மில்லிமீட்டர் என்றால், நிஜ அளவில் 36 மில்லிமீட்டர். வீட்டு அலமாரிப் பலகை வழக்கமாக 18தான். ஒன்றரை மில்லிமீட்டர் பலகை இருக்க வேண்டிய இடம் அது.

"ஒட்டிவிட்டேனே, இனி எப்படிப் பிடுங்குவது?" என்று கேட்பீர்கள். பிடுங்க வேண்டாம். ஐஸ் குச்சி ஒன்றில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, பலகையின் முன்விளிம்பை அடிப்பக்கமாகச் சரிவாகத் தேயுங்கள். மேல்பக்கம் அப்படியே இருக்கட்டும், அடியில் மட்டும் உள்நோக்கிச் சரியட்டும். முன்னால் தெரிகிற விளிம்பு பாதியாகிவிடும். தேய்த்த சரிவில் கொஞ்சம் கருநிறம் தடவினால் அது நிழலோடு நிழலாகப் போய்விடும். புத்தகங்களில் முதுகு காட்டி நிற்பவற்றை விட்டுவிடுங்கள். முகம் காட்டி நிற்கிற பத்துப் பன்னிரண்டுக்கு மட்டும் அட்டை மாற்றினால் போதும். சொல்லப்போனால், முதுகு மட்டும் தெரிகிற வரிசைக்குத் தனித்தனிப் புத்தகமே வேண்டாம். ஒரு மரக்கட்டையில் முதுகுகளை அச்சடித்து ஒட்டினால் யாருக்கும் தெரியாது. முந்நூறையும் தனித்தனியாகச் செய்த உங்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

பளபளப்பும் இதே வகைதான். மேசையில் அடித்த வார்னிஷ் கண்ணாடி போல மின்னுகிறது. பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஒரு கை கொடுங்கள், அடங்கிவிடும்.

புத்தகம் என்றதும் இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் இருக்கிற குயின் மேரி டால்ஹவுஸ் நினைவுக்கு வருகிறது. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்தது, அதுவும் 1:12தான். குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும் என்று அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதன் நூலகம். அந்தக் காலத்து எழுத்தாளர்கள் பலர் தங்கள் கையாலேயே எழுதிக்கொடுத்த விரலளவுப் புத்தகங்கள் அங்கே இருக்கின்றன. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கோனன் டாயிலும் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். உண்மையில் நீங்கள் வேறொன்றைக் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. "இந்தக் கடைக்காரர் இப்போது எங்கே?" என்று.

நான் முதலில் செய்தது கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக், அதாவது அக்ரிலிக் ஷீட். பொறுமை இல்லாமல் உடனே ஒட்டுகிற பசையைப் போட்டு, முன்சுவரையும் மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் ஜன்னல் முழுக்க வெள்ளைப் புகை படிந்தாற்போல் இருக்கிறது. அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி அக்ரிலிக்கில் இப்படிப் படிந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பாலிஷ் போட்டுத் தேய்த்தேன், நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெளிந்தது. கை வலித்தது, விட்டுவிட்டேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடையைப் பார்க்கிற எல்லோரும் அந்த வட்டத்துக்குத்தான் குனிகிறார்கள். "யாரோ உள்ளே இருந்து துடைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்த மாதிரி இருக்கிறது" என்றார் ஒருவர். நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த கடிகாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

முன்பே ஒரு பேச்சில் ஃபிரான்செஸ் கிளெஸ்னர் லீ பற்றிச் சொன்னேன். 1940களில் அமெரிக்காவில் போலீஸ்காரர்களுக்குத் துப்புத் துலக்கும் பயிற்சி கொடுக்க, மரணம் நடந்த அறைகளை 1:12 அளவில் செய்தவர். குண்டூசிகளை வைத்தே காலுறை பின்னியிருக்கிறார். அந்த அறைகளைப் பார்த்தால், அங்கே இருந்தவர் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று மனம் தானாகவே தேட ஆரம்பித்துவிடும். நமக்குப் பிணம் வேண்டாம், அந்தத் தேடல் மட்டும் வேண்டும்.

உங்கள் கடையில் புத்தகங்கள் அணிவகுப்பு மாதிரி நிற்கின்றன. இரண்டாவது தட்டிலிருந்து நாற்பதை எடுத்துவிடுங்கள். மிச்சத்தில் நாலைந்து சாய்ந்து விழட்டும். கல்லா மேசையில் பாதி சுற்றிய பொட்டலம் ஒன்று, அறுந்த நூல், பக்கத்தில் கத்தரி. மேசை விளிம்பில் கை படுகிற இடத்தில் மட்டும் பெயின்ட்டைத் தேய்த்து மரம் தெரிய விடுங்கள். பின்னால் ஒரு முக்காலி, நேராக வைக்காமல், எழுந்து போனவர் தள்ளிவிட்ட வாக்கில். இதையெல்லாம் செய்துவிட்டு, விளக்கைப் போட்டு, முன்ஜன்னல் வழியாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். மேலிருந்து எடுக்காதீர்கள். தெருவில் நிற்கிற ஆளின் கண் உயரம் ஐந்தடி என்றால், கேமரா தரையிலிருந்து ஐந்து அங்குலத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. நேற்று ராத்திரிதான் கவனித்தேன். கதவில் கைப்பிடியே இல்லை. கிட்டில் வராமல் இருந்திருக்கும், பரவாயில்லை. தரையிலிருந்து மூன்று அங்குலத்தில் ஒரு துளை போட்டு, குண்டூசியைத் தலையோடு கொஞ்சமாக வெட்டிச் செருகிவிடுங்கள். பாவம், முந்நூறு புத்தகத்தை உள்ளே வைத்துவிட்டு அந்த மனிதர் எத்தனை நாளாக வெளியே நிற்கிறாரோ.