எல்லாக் குழந்தைக்கும் அதே கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை விழுந்துவிட்டது என்று ராத்திரியில் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். எப்படி விழுந்தது, யார் கூட இருந்தது, ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் குடைந்திருப்பார். "எங்களையே சந்தேகப்படுறாரே" என்று கோபமும் வந்திருக்கும். குழந்தையை வீட்டில் யாராவது அடித்துத் துன்புறுத்துகிறார்களா என்று கண்டுபிடிக்க எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. எல்லாரிடமும்! ஆளைப் பார்த்துக் கேட்டால் பஸ்ஸில் வந்தவரைக் குடைவோம், காரில் வந்தவரை விட்டுவிடுவோம். குழந்தைக்கு அடி விழுவது இரண்டு வீட்டிலும்தான்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் இருந்தார். கைக்குழந்தை சளிக்கு வந்தாலும் சரி, பேதிக்கு வந்தாலும் சரி, "எடை பார்க்கணும், சட்டையைக் கழற்றும்மா" என்பார். மருந்து அளவுக்கு எடை வேண்டுமே, யாரும் முகம் சுளித்ததில்லை. திருப்பிப் போட்டு முதுகு, அக்குள், காதுக்குப் பின்னால் என்று கண்ணை ஓட்டிவிடுவார். ஒருநாள் இருமலோடு வந்த மூன்று மாதக் குழந்தைக்குக் காது மடலில் ரத்தக்கட்டு. "தூளியில இடிச்சிக்கிச்சு" என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தால் விலா எலும்பில் ஆறிக்கொண்டிருக்கும் பழைய முறிவு. வந்தது இருமலுக்கு!

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடாமல் இருக்குமா? அது வேறு. நான்கு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு உடம்பில் எங்கே ரத்தக்கட்டு இருந்தாலும், நான்கு வயதுக்குள் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்தில் இருந்தாலும் விசாரிக்க வேண்டும் என்று 2010-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. திரும்பச் சொல்கிறேன், தவழாத குழந்தைக்கு ரத்தக்கட்டு சுலபத்தில் வராது. நம் குழந்தைகளுக்கு இடுப்புப் பக்கம் பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும், அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். ரத்தம் உறையாத நோயாலும் ரத்தக்கட்டு வரலாம், அதையும் சோதிப்போம்.

நெதர்லாந்தில் இதற்கென்றே ஆறு கேள்விகள் கொண்ட ஒரு தாள் வைத்திருக்கிறார்கள். சொன்ன கதை மாறாமல் இருக்கிறதா, வரத் தாமதமா, அந்த வயதில் அப்படி அடிபட முடியுமா, பெற்றோரும் பிள்ளையும் பழகுவது இயல்பாக இருக்கிறதா, உடம்பில் தெரிவது கதையோடு ஒத்துப்போகிறதா, வேறு ஏதாவது உறுத்துகிறதா. ஓரிரு நிமிட வேலை. நம் அவசரப் பிரிவுக் கூட்டத்தில் அதற்கும் நேரம் ஏது என்பார்கள். எடை பார்க்க நேரம் இருக்கிறதே!

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கவனிப்பில்லாத குழந்தைகளைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைப் பிள்ளை ஒருமுறை குடித்துவிட்டால் விபத்து, அதே பிள்ளை மறுபடியும் அப்படியே வந்தால் வீட்டு நிலைமையை விசாரிக்க வேண்டும். வறுமையைக் குற்றமாக்கிவிடவும் கூடாது. அப்புறம், பாலியல் கொடுமை என்று சந்தேகம் வந்தாலே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், 2012 போக்சோ சட்டம் அப்படி. டாக்டருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான். எந்தக் கொடுமையானாலும் உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண் 1098, கட்டணம் கிடையாது. வணக்கம்.