படுக்கைக்கு முன் பத்து நிமிடம்

பினாங்கு நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

இராத்திரி ஜெபத்தை ஆசையாய்த் தொடங்கி, மூன்றாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பக்தி குறைந்தவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு மனம் வராது. அளவுதான் தப்பு. வேதாகமத்தில் மூன்று அதிகாரம், அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டால், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்த உடம்பு எப்படி இசையும்?

பத்து நிமிடம் போதும். எட்டு வசனம் போதும். வேதாகமத்திலுள்ள பக்திப் பாடல்களான சங்கீதங்களில் நான்காம் சங்கீதத்தை எடுங்கள், கத்தோலிக்க அன்பர்கள் திருப்பாடல் என்பீர்கள். மொத்தமே 8 வசனம். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற மடத்துத் தலைவர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கிலும் படுக்கைக்கு முந்தின ஜெபத்துக்கு 4, 91, 134 என்று மூன்றே சங்கீதங்கள்தாம். தினமும் அதே மூன்று.

பல் துலக்கியதும் நாற்காலியில் உட்காருங்கள். படுத்துக்கொண்டு ஆரம்பித்தால் இரண்டாம் வசனத்திலேயே கண் சொருகிவிடும். கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிடுங்கள். அதில் வேதம் வாசித்தால் வசனத்தின் தலைமேலேயே வாட்ஸ்அப் வந்து நிற்கும். அச்சிட்ட வேதாகமத்தில், பகலிலேயே அந்தப் பக்கத்தில் நாடாவைப் போட்டு வையுங்கள். இராத்திரியில் பக்கம் தேடுகிற வேலையே வேண்டாம்.

இனி தியானம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். தியானம் என்றதும் வாயை மூடிக்கொள்கிறோம். முதலாம் சங்கீதத்தில் 'இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற' என்ற இடத்தில் எபிரெயச் சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று அதற்குப் பொருள். வேதாகமத்தின் ஏசாயா புத்தகத்தில் புறா புலம்புவதற்கும், இரையின்மேல் நிற்கும் சிங்கம் உறுமுவதற்கும் இதே சொல்தான். ஆகவே உதடு அசையட்டும், உங்கள் குரல் உங்கள் காதில் விழட்டும்.

ஒருமுறை எட்டு வசனத்தையும் மெல்ல வாசியுங்கள். மறுமுறை, மனம் எங்கே நிற்கிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். கடைசி வசனம் என்று வைத்துக்கொள்வோம்: 'கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்.' முதலில் 'நீர்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அடுத்து 'ஒருவரே'. அந்த ஏகாரத்தில் நில்லுங்கள். கதவுப் பூட்டோ, வங்கிக் கணக்கோ, மகனின் சம்பளமோ அல்ல, ஒருவரே. பிறகு 'என்னை'. இப்படி நாலைந்து முறை சொல்லும்போதே அன்றைய கவலை தானாக மேலே வரும். அதை அப்படியே ஜெபமாக்குங்கள். விண்ணப்பப் பட்டியலை முதலில் எடுத்தால் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அதனால்தான் வசனம் முதலில், விண்ணப்பம் பிறகு.

ஓர் இரவு தவறினால் மறுநாள் பதினாறு வசனமாக ஈடுகட்டாதீர்கள். கடன் சேர்ந்தால் பழக்கம் முறியும். அதே எட்டு வசனம்தான். இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் படுக்கிறவர்களுக்கு அந்தக் காலைதான் இரவு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இதையே செய்யலாம்.

நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். பிள்ளைகளோடு ஜெபிப்பதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: அவர்களுக்கு ஒரே வசனம், ஒரு வாரம் முழுக்க அதே வசனம். பெரியவர்கள் நான்காம் சங்கீதம் பழகிய பிறகு 119க்குப் போங்கள். 176 வசனம் என்று மலைக்க வேண்டாம். எட்டெட்டாகவே 22 பகுதிகளாய்ப் பிரித்து அச்சிட்டிருக்கிறார்கள், 22 இரவுக்கு வரும். இன்றைக்கு நான்காம் சங்கீதத்தில் நாடாவைப் போட்டு வையுங்கள். வணக்கம்.