பிடபிள்யூ-372: ஒரு போர்விமானம் கைமாறிய கதை

வணக்கம். பின்லாந்தில் திக்ககோஸ்கி என்ற ஊரின் விமான அருங்காட்சியகத்தில் ஒரு பழைய போர்விமானம் நிற்கிறது. பெயர் ப்ரூஸ்டர், எண் பிடபிள்யூ-372. அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்தது. பின்லாந்து காசு கொடுத்து வாங்கியது. ரஷ்ய ஏரியில் 56 ஆண்டுகள் கிடந்தது. இன்று அது யாருடையது என்பதைத்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்கக் கடற்படையின் முதல் ஒற்றை அடுக்கு இறக்கைப் போர்விமானம் ப்ரூஸ்டர்தான். முதல் வரிசையில் 54 விமானங்களுக்குக் கடற்படை சொல்லி வைத்திருந்தது. அவற்றில் 11தான் அதன் கைக்குப் போயின. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. விமானம் கிடைக்காதா என்று அந்தச் சிறிய நாடு கதவு கதவாகத் தட்டியது. மேம்பட்ட அடுத்த வகை வரப்போகிறதே என்று, மீதி 43 விமானங்களையும் கடற்படை விட்டுக்கொடுத்தது. இன்னும் ஒன்று சேர்ந்து மொத்தம் 44. கப்பல் தளத்தில் இறங்கும்போது கம்பியில் மாட்டும் வால் கொக்கி, உயிர்காப்புப் படகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். கடல் விமானம் அப்படித்தான் தரை விமானம் ஆனது.

நார்வேயின் பெர்கனுக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலில் ஸ்வீடனின் ட்ரோல்ஹேத்தானுக்குப் போய், அங்கே பாகங்கள் பொருத்தப்பட்டு அவை பின்லாந்துக்குப் பறந்தன. அதற்குள் 1940 மார்ச்சில் குளிர்காலப் போர் எனப்படும் அந்தப் போரே முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு மறுபடி போர் மூண்டபோது, இந்த விமானங்களை வைத்துப் பின்லாந்து விமானிகள் நூற்றுக்கணக்கான சோவியத் விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு வைத்தார்கள்.

இதே வகையை அமெரிக்கர்கள் பசிபிக் கடலின் மிட்வே தீவில் ஓட்டினார்கள். 1942 ஜூன் 4 அன்று ஒரே காலையில் 13 விமானங்கள் அழிந்துபோயின. கூடுதல் எரிபொருளும் கவசமும் ஏற்றி எடை கூடிய பிந்தைய மாதிரி அது. எதிரே ஜப்பானின் ஜீரோ போர்விமானம். பின்லாந்திடம் இருந்தது இலகுவான முதல் மாதிரி. விமானிகளும் நன்றாகத் தேறியவர்கள். மெக்கானிக்குகளோ, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் வளையத்தைத் தலைகீழாகப் போட்டு என்ஜினின் எண்ணெய்க் கோளாறைத் தீர்த்தவர்கள். பின்லாந்து அந்த விமானத்தைச் சொந்தமாக்கிக்கொண்டது அந்தப் பட்டறையில்தான் என்பேன். ரசீது எல்லாம் அப்புறம்.

மிட்வே நடந்து மூன்று வாரம். ஜூன் 25 அன்று லவுரி பெக்குரி என்ற விமானி பிடபிள்யூ-372இல் சோவியத் படையின் ஹரிக்கேன் போர்விமானங்களோடு மோதினார். அடிபட்ட விமானத்தை ஓர் ஏரியில் இறக்கினார். அது சோவியத் எல்லைக்கு உட்பட்ட பகுதி. கரையேறிக் காட்டு வழியாக நடந்தே தன் படையிடம் திரும்பினார். விமானம் மூழ்கியது.

1998இல் ரஷ்யர்கள் அதை ஏரியிலிருந்து தூக்கினார்கள். பெக்குரி அப்போது உயிரோடு இருந்தார். மறு ஆண்டு காலமானார். உலகில் வேறெங்கும் முழு ப்ரூஸ்டர் மிஞ்சவில்லை, அமெரிக்காவிலும்கூட. அதனால் 2004இல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகம் அதை வாங்கியது. விற்றவரிடமே சரக்கு திரும்பிப் போனது!

அங்கே அதைப் பழுதுபார்த்து, மிட்வேயில் பறந்த அமெரிக்க விமானம் போல வண்ணம் பூசலாம் என்றொரு யோசனை இருந்தது. பூசியிருந்தால் பளபளவென்று இருந்திருக்கும். பெக்குரி ஓட்டிய விமானம் இருந்திருக்காது. நல்ல வேளை, அதைக் கைவிட்டார்கள். அதன் சொந்தக்காரர்கள் எடுத்த முடிவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2008இல் விமானத்தைக் கடனாகப் பின்லாந்துக்கு அனுப்பினார்கள். ஏரி விட்டுவைத்த பழைய வண்ணத்தோடு, சுரண்டாமல், பூசாமல் அப்படியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ப்ரூஸ்டரைப் பார்த்துப் பின்லாந்தே கட்டிய ஹூமு என்ற விமானமும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் இரண்டையும் பார்க்கலாம். ஹூமு பின்லாந்தின் சொத்து, பிடபிள்யூ-372 இரவல்.